எண்ணெயோடு நிற்க வேண்டும்

ஒரு கிலோ பச்சை பீன்ஸுக்கு 150 மில்லி ஆலிவ் எண்ணெய். கிரீட் தீவின் வீடுகளில் இது வழக்கமான அளவு. கை தாராளமானவர்கள் 200 மில்லி வரை போவார்கள். இதயத்துக்கு இதமான சமையலைச் சொல்லித்தரும்படி யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த அளவைத்தான். கேட்டவர் முகம் மாறும். இதயம் என்ற பேச்சை எடுத்தாலே எண்ணெயைக் குறைக்கச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். மத்தியதரைக் கடல் உணவு என்றால் வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி, மேலே ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் தெளித்த சாலட் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். சாலட் அங்கே உண்டு, கோடையில் தினமும் உண்டு. வயிற்றை நிரப்பும் சாப்பாடு வேறு: மூடி போட்ட பாத்திரத்தில், எண்ணெயிலும் தன் சாற்றிலுமாக ஒரு மணி நேரம் மெல்ல வெந்த காய்கறி. இந்த வகைச் சமையலுக்கு லதேரா என்று பெயர். என் வீட்டு அடுப்பில் வாரத்தில் பாதி நாள் இதுதான் இருக்கிறது.

கணவரின் வேலைக்காகக் கிரீட்டின் ஹானியா நகருக்குக் குடிவந்தவள் நான். வந்த சில வருடங்களில் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. மாத்திரைகளை மருத்துவர் பார்த்துக்கொண்டார். இன்றும் அவை ஒரு வேளை தவறாமல் நடக்கின்றன, எந்தச் சமையலும் அவற்றுக்கு மாற்று ஆகாது. சாப்பாடு என் பொறுப்பு. அதை எனக்குக் கற்றுத்தந்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. அளவுக் கோப்பையை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. பாத்திரத்தைச் சாய்த்து, அடியில் எண்ணெய் எவ்வளவு தேங்குகிறது என்று பார்ப்பார். “பிள்ளை, தண்ணீர் போகணும், எண்ணெய் நிக்கணும்” என்பார். கிரேக்கச் சமையற்காரர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது: பண்டம் தன் எண்ணெயோடு நிற்க வேண்டும். சாறு நீர்த்து ஓடினால் சமையல் முடியவில்லை என்று பொருள்.

பீன்ஸ் சமைக்கும் முறையைச் சொல்கிறேன். பெரிய வெங்காயம் இரண்டைப் பொடியாக நறுக்கி, எடுத்து வைத்த எண்ணெயில் பாதியைப் பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் வதக்க வேண்டும். வெங்காயம் சிவக்கவே கூடாது. கண்ணாடி போல ஆகி, இனிப்பு மணம் வரும்வரை பொறுமை வேண்டும். அதற்குள் நன்றாகப் பழுத்த தக்காளி நாலைந்தைக் குறுக்கே வெட்டி, துருவியில் வெட்டுப்பக்கம் படும்படி தேய்த்தால் சதை எல்லாம் கீழே விழுந்து தோல் மட்டும் கையில் தங்கும். கிரீட்டில் தக்காளியை இப்படித்தான் துருவுவார்கள். நார் எடுத்த பீன்ஸை முழுதாகவே போட்டு, உப்பு சேர்த்து, எண்ணெய் எல்லாக் காயிலும் பூசும்படி இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, தக்காளியை ஊற்ற வேண்டும். தண்ணீர் அரைக் கோப்பை போதும். மூடி போட்டு, தீயைக் குறைத்து, 50 நிமிடமாவது விட்டுவிட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, காய் உடைந்துவிடும். இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பாத்திரத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். கடைசிப் பத்து நிமிடம் மூடியைத் திறந்து, மீதி எண்ணெயையும் ஒரு கைப்பிடி பார்ஸ்லி இலையையும் சேர்த்து, நீர் வற்றவிட வேண்டும்.

காய் நன்றாகவே குழையும். முறுகலாக, பச்சை நிறம் மாறாமல் எடுக்கும் உணவக முறைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் இது ஒப்பாது. ஆனால் இந்தச் சமையலின் ருசியே அந்தக் குழைவில்தான் இருக்கிறது. பீன்ஸ் தன் நீரை விடுகிறது, எண்ணெயை வாங்குகிறது. தக்காளியின் புளிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் அந்த எண்ணெயில் இறங்குகின்றன. அடுப்பை அணைத்ததும் பரிமாறுவது தவறு. அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பாகச் சாப்பிடும்போதுதான் எண்ணெயின் மணம் தெரியும். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் நாக்குக்குச் சூடு மட்டுமே தெரியும்.

இத்தனை எண்ணெயைக் காய்ச்சினால் கெடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை உள்ளே வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் புகைய ஆரம்பிப்பது 190 டிகிரிக்கும் மேலே. ஆகவே இந்தச் சமையலில் எண்ணெய் தீய வழியே இல்லை. தக்காளியைச் சிவப்பாக்கும் லைக்கோபீன், கீரையில் இருக்கும் கரோட்டின் போன்றவை கொழுப்பில் கரைபவை. எண்ணெயோடு வெந்தால் உடம்பு அவற்றை நன்றாக எடுத்துக்கொள்கிறது. பாட்டிக்கு லைக்கோபீன் தெரியாது. தட்டில் மிஞ்சிய எண்ணெயை ரொட்டியால் துடைத்து எடுக்காமல் எழுந்தால் அவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

இனி நான் உறுதியாக நம்பும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 150 மில்லி எண்ணெய் நாலு பேர் சாப்பாட்டுக்கு. ஆளுக்குச் சுமார் 300 கலோரி எண்ணெயிலிருந்து வருகிறது. அது பீன்ஸைத் தொடுகறி நிலையிலிருந்து சாப்பாடாக உயர்த்துகிறது. ஒருவர் கால் கிலோ காய்கறியை, ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் துணையாக, வேறு எதையும் தேடாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறார் என்றால் அது எண்ணெயின் வேலை. இறைச்சியும் வெண்ணெயும் இருக்க வேண்டிய இடத்தில் காய்கறியை உட்கார வைக்கிறது இந்த எண்ணெய். ஆலிவ் எண்ணெயில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக ஓலியிக் அமிலம் இருக்கிறது; வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றுக்குப் பதிலாக இப்படிப்பட்ட கொழுப்பைச் சாப்பிட்டால் எல்.டி.எல். குறையும் என்பது நன்கு தெரிந்த விஷயம். ‘பதிலாக’ என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பிரியாணியும் பஜ்ஜியும் அப்படியே இருக்க, காலையில் இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயை மருந்து போலக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. அவர்கள் எண்ணெயை எடுத்துக்கொண்டு சமையலை விட்டுவிட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958-ல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் 40 முதல் 59 வயது வரையிலான ஆண்கள் 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மாரடைப்பால் இறந்தவர்கள் கிழக்குப் பின்லாந்தில் மிக அதிகம், கிரீட்டில் மிகக் குறைவு. இரண்டு இடத்து மக்களும் தங்கள் ஆற்றலில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்தே பெற்றார்கள் என்பதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்லாந்தில் அது பாலும் வெண்ணெயும், கிரீட்டில் ஆலிவ். கிரீட்டின் விவசாயி மலைச்சரிவில் நாள் முழுக்க உழைத்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாப் புகழையும் எண்ணெய்க்கே கொடுத்துவிட முடியாது.

அந்தச் சாப்பாடு வறுமையின் சாப்பாடு என்பதையும் சொல்லியாக வேண்டும். போருக்குப் பிறகு, 1948-ல், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் லேலண்ட் ஆல்பா என்பவர் கிரீட்டின் குடும்பங்களை ஆராய்ந்தார். 1953-ல் அது புத்தகமாக வந்தது. அவரிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் தங்கள் சாப்பாட்டில் திருப்தி இல்லை என்றார்கள், இறைச்சி வேண்டும் என்றார்கள். பிறகு காசு வந்தது, இறைச்சியும் வந்தது. இன்று குழந்தைகளின் உடற்பருமன் ஐரோப்பாவில் மிக அதிகமாக உள்ள நாடுகளில் கிரீஸும் ஒன்று. யுனெஸ்கோ 2010-ல் மத்தியதரைக் கடல் உணவை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியல் சமைக்காது. பாட்டியின் பேரன்கள் மாலையில் பொரித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் சுருட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதைப் பார்க்கும்போது, இந்தச் சமையலை யாராவது விடாமல் செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற வேகம் எனக்கு வருகிறது.

வறுமையோடு சேர்ந்து நின்றது நோன்பு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கணக்குப்படி முழுதும் நோன்பு பிடிப்பவருக்கு வருடத்தில் 180 நாள் போல வரும். புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு, கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஆகஸ்டில் மாதாவுக்காக. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. கடுமையான நாட்களில் எண்ணெயும் கிடையாது. லதேரா வகைகள் இத்தனை விதமாகப் பெருகியது எண்ணெய்க்கு இடம் தரும் மற்ற நோன்பு நாட்களால்தான். வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நாட்களுக்கென்று யோசித்திருக்கிறார்கள். ஏப்ரலில் கூனைப்பூவும் பச்சை மொச்சை போன்ற அகல அவரையும் எலுமிச்சைச் சாற்றோடு. ஆகஸ்டில் கத்தரி, சுரைக்காய் இனத்து சீமைச்சுரை, குடமிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தட்டில் அடுப்பினுள் வெந்த பிரியாம். குளிர்காலத்தில் பயறு வகைகள்.

பயறு என்றால் என் பிரியம் ஜிகாண்டெஸ் என்ற பெரிய வெள்ளை அவரை. வடக்கே பிரெஸ்பா ஏரிகளின் கரையில் விளைவது பெயர் பெற்றது. இரவு முழுக்க ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் மிருதுவாகும்வரை வேக வைக்க வேண்டும். தக்காளியை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. தக்காளியின் புளிப்பு பட்டால் அவரையின் தோல் இறுகி, எத்தனை மணி நேரம் வைத்தாலும் நடுவில் சுண்ணாம்பு போல நிற்கும். வெந்த அவரையை வதக்கிய வெங்காயம், கேரட், செலரி, துருவிய தக்காளி, எண்ணெய் ஆகியவற்றோடு அகலமான தட்டில் பரப்பி 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், மேற்புறம் லேசாகக் கருகி, உள்ளே வெண்ணெயாக இருக்கும். சிஃப்னோஸ் தீவில் கொண்டைக்கடலையை இன்னும் எளிமையாகச் செய்கிறார்கள்: மண்பானையில் கடலை, வெங்காயம், எண்ணெய், ஒரு பிரிஞ்சி இலை. சனிக்கிழமை மாலை விறகு அடுப்புக்குள் போகும், ஞாயிறு காலை கோயில் முடிந்து வரும்போது எடுத்துக்கொள்வார்கள். மழைநீரில் வேக வைப்பது அவர்கள் வழக்கம்; கடின நீரில் கடலை மசியாது என்பதை அறிந்த வழக்கம் அது.

கீரைதான் என்னை இந்தத் தீவோடு ஒட்ட வைத்தது. குளிர்கால மழைக்குப் பிறகு, கையில் சிறு கத்தியும் பையுமாகப் பெண்கள் மலைச்சரிவில் இறங்குவார்கள். ஸ்டாம்நகாதி என்ற முள் சூழ்ந்த கசப்புக்கீரைக்கு இங்கே தனி மதிப்பு. கோடையில் சந்தைக்கு வரும் வ்லீதாவைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது: நம் தண்டுக்கீரை, குப்பைக்கீரைக் குடும்பத்தின் உறவு. கிளிஸ்திரிதா என்று தயிரிலும் சாலடிலும் போடுவது நம் பருப்புக்கீரையேதான். ஆல்ஃபா லினோலெனிக் என்ற ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய இருப்பதைக் கிரேக்கத்தில் பிறந்த மருத்துவர் ஆர்டெமிஸ் சிமோபூலோஸ் 1980-களில் எழுதிக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அம்பெலோஃபாஸுலா என்று கிரீட்டின் பாட்டிகள் கொண்டாடும் மெல்லிய நீளக் காய் நம் காராமணிக்காய். ஊரிலிருந்து வந்த என் அம்மா அதைச் சந்தையில் ஒடித்துப் பார்த்து, விற்கும் பெண்ணோடு பாஷை தெரியாமலே முற்றல், பிஞ்சு என்று வாதாடினார்.

கீரைக்குச் செய்முறை என்று பெரிதாக இல்லை. நிறையத் தண்ணீர், நல்ல கொதி, மூடி போடாமல் மிருதுவாகும்வரை. வடித்து, சூடு இருக்கும்போதே பச்சை ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும். வடித்த நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துவிடுவார்கள். இங்கே எண்ணெய் அடுப்பைக் காண்பதே இல்லை, ஆகவே வீட்டில் இருப்பதில் சிறந்த எண்ணெய் இதற்குத்தான்.

எண்ணெய் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம். கிரீட்டில் கொரோனெய்க்கி என்ற சிறுமணி ஆலிவ்தான் எங்கும். நவம்பரில் மரத்தடியில் வலை விரித்துவிடுவார்கள். குடும்பங்கள் வருடத்துக்கான எண்ணெயை 17 கிலோ தகர டின்களில் வாங்கி வைக்கும். புது எண்ணெயை ஒரு கரண்டி வாயில் விட்டால் தொண்டையில் மிளகு போலக் காரும், இருமல் வரும். அது குறையல்ல. ஓலியோகாந்தால் என்ற பொருள் செய்யும் வேலை அது. வலிநிவாரணியான ஐபுப்ரோஃபென் வேலை செய்யும் வழியிலேயே இதுவும் செய்கிறது என்று 2005-ல் நேச்சர் இதழில் வந்தது. காரமும் கசப்பும் இருக்கும் எண்ணெயில் பாலிஃபீனால் உண்டு. புட்டியில் அறுவடை வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரும்பச்சைப் புட்டி அல்லது டின் வாங்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இந்தியக் கடைகளில் சமையலுக்கு ஏற்றது என்று விற்கும் ‘பாமெஸ்’ ஆலிவ் எண்ணெய், பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது. மணமும் காரமும் அதில் மிஞ்சுவதில்லை. அதற்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல செக்குக் கடலெண்ணெய் வாங்கலாம் என்பது என் கருத்து. கடலெண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி ஓலியிக் அமிலம்தான். ருசி கிரீட்டினுடையதாக இருக்காது. ஆனால் காராமணிக்காயை அதில் இதே முறையில் செய்தால் நன்றாகவே இருக்கிறது, அம்மா ஊரில் செய்கிறார். தேங்காயெண்ணெயும் நெய்யும் இந்த வேலைக்கு வேண்டாம்.

உப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஃபெட்டா, ஊறிய ஆலிவ் காய், கேப்பர், ரொட்டி எல்லாமே உப்பு. இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இவை கூடிவிட்டால் காய்கறியின் நன்மை பாதி போய்விடும். ஃபெட்டாவை ஒரு மணி நேரம் நீரில் போட்டு எடுக்கிறேன். ஆலிவ் காயையும் அப்படியே. பாத்திரத்தில் உப்பைக் குறைத்து, இறக்கும்போது எலுமிச்சையோ வினிகரோ சேர்த்தால் நாக்குக்குக் குறை தெரிவதில்லை. வைனைப் பற்றிக் கேட்பவர்களிடம், குடிக்காதவர் இதயத்துக்காகத் தொடங்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஆய்வுகளில் இரண்டை மனத்தில் வைத்திருக்கிறேன். ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில் இதய நோய் வரக்கூடிய 7,447 பேர் சேர்ந்தார்கள். ஒரு குழுவின் வீடுகளுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் கொடுத்தார்கள். கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவோடு ஒப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்தன. 2013-ல் வந்த கட்டுரையில் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்த முறையில் பிழை தெரிந்ததால், அதைத் திரும்பப் பெற்று 2018-ல் மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள்; முடிவு பெரிதாக மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு நெருக்கமானது அதே ஸ்பெயினின் கோர்தோபா நகரத்து ஆய்வு. ஏற்கெனவே இதய நோய் உள்ள 1,002 பேரை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். குறைகொழுப்பு உணவைவிட ஆலிவ் எண்ணெயோடு கூடிய இந்த உணவே மறுபடி வரும் பாதிப்பைக் குறைத்தது. அதைப் படித்த பிறகு எண்ணெய்ப் புட்டியைச் சாய்க்கும்போது என் கை நடுங்குவதில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஃபக்கேஸ் என்ற பயறுச் சாற்றைச் சொல்வேன். எல்லாப் பொருளும் எந்த ஊரிலும் கிடைக்கும். முழு மைசூர்ப் பயறு கால் கிலோவைக் கழுவி, ஒரு கொதி விட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். நிறம் தெளிவாக வரும். புது நீர் ஒரு லிட்டர், நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், பிரிஞ்சி இலை ஒன்று, துருவிய தக்காளி ஒன்று. தக்காளியைப் பயறு பாதி வெந்த பிறகு சேருங்கள். 40 நிமிடம் போல ஆகும். இறக்கும் நேரத்தில் 60 மில்லி எண்ணெய் ஊற்றி, பலமாக ஒரு கொதி வரவிட்டால், எண்ணெய் மேலே மிதக்காமல் சாற்றோடு கலந்து கெட்டிப்படும். உப்பும் அப்போதுதான். வினிகரை மேசையில் வையுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும், என் கணவருக்கு இரண்டு கரண்டி வேண்டும், எனக்கு ஒன்று போதும்.